முப்பது சாம்பிள்

"நம்பிக்கையோட விலை தொண்ணூத்தஞ்சு சதவீதம், பெரிம்மா. மீதி அஞ்சு தள்ளுபடி," என்றாள் பிளஸ் டூ படிக்கும் ஜாஸ்மின். கல்லூரிப் புள்ளியியலைப் பள்ளியிலேயே சொல்லித்தரத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு இதே பேச்சு.

பெரியம்மா ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள். "மாப்பிள்ளை ஒரகடத்துல கார் ஃபேக்டரி சூப்பர்வைசர். மண்ணூர்ல சொந்த வூடு கீது. குடி கெடையாது. இன்னும் இன்னாடி வோணும்?"

"குடி இல்லேன்னு யாரு சொன்னது?"

"அவரோட அக்கா."

"ஒரே சாம்பிள், அதுவும் கூடப் பொறந்தவங்க! செல்லாது. அவர் லைன் ஆளுங்க பேரைச் சீட்டு குலுக்கி, முப்பது பேரை நானே கேட்டுட்டேன்."

"அடிப்பாவி! மானத்தை வாங்கிட்டியே. சரி, ரிஜெக்ட்டா?"

"ரிஜெக்ட் பண்ண ஆதாரம் கெடைக்கல."

"அப்போ சம்மதம்!"

"அப்படி அர்த்தமில்ல. கல்யாணத்துக்கு அப்புறமும் என்னைப் படிக்க வைப்பாரா?"

"காலேஜ் வரைக்கும் வைக்கிறேன்னு அவரே சொல்லிட்டாரு."

ஜாஸ்மின் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, எனக்கு அப்பா ஓகே. உனக்கு மாப்பிள்ளை ஓகேவா?"

கணவர் இறந்தபின் மறுமணப் பேச்சையே எடுக்கவிடாத அமலா, உள்ளே பாத்திரத்தைச் சத்தமாகத் தேய்த்தாள்.

அக்காள் ஸ்டெல்லாவின் சம்மதம் ஒன்று, மகள் சம்மதம் ஒன்று. பாக்கி ஒன்று, முகம் சிவந்து நின்றது.