இரண்டு முறை சொன்னார்

"வலி எப்ப ஆரம்பிச்சுதுங்க?"

ஒன்பது மணிக்கு. குடோன் கடிகாரம் எதிரிலேயே மாட்டியிருந்தது.

"பத்தரை இருக்கும்" என்றான். வாய் தானாக ஒன்றரை மணி நேரத்தைக் குறைத்தது.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். ஐ.சி.யூ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் மச்சான் சென்னியப்பன், வாயில் குழாயோடு. இந்தப் பக்கம் அக்கா, மச்சானின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

"மூளைக்குப் போற ரத்தக்குழாயில ஒரு எடம் பலூனாட்டம் வீங்கி இருந்திருக்கு. அது வெடிச்சிருச்சு. மூளையச் சுத்தி ரத்தம். சம்மட்டியால அடிச்ச மாதிரி வலி வந்திருக்கோணும். ஒண்ணுமே சொல்லலியா?"

சொன்னார்.

பதினோரு வருஷமாகச் சொல்கிறார்.

எந்தக் குடோனில் விற்பனைக்குப் போர்வை எடுத்தாலும் அதே ஆட்டம்தான். விலை இறங்காவிட்டால் மச்சான் நெற்றியைப் பிடிப்பார். "மாப்ள, தலை வலிக்குது. கெளம்பலாம்." இருவரும் எழுந்து மெல்ல நடப்பார்கள். வாசற்படியில் கால் கொஞ்சம் தயங்கும். பின்னாலிருந்து குரல் வரும்: "அட, வந்து உக்காருங்க. பேசலாம்."

ஒருநாளும் வராமல் போனதில்லை. வியாபாரத்தில் வலியும் ஒரு சரக்குதான், காட்டத் தெரிந்தவனுக்கு.

இன்று மச்சான் பிடித்தது நெற்றியை அல்ல. பிடரியை. இரண்டு கையாலும்.

ஆட்டத்தில் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார் என்று நினைத்தான். மனசுக்குள் மெச்சவும் செய்தான்.

மறுபடியும் சொன்னார். "மாப்ள, தலை வலிக்குது."

இரண்டு முறை சொல்கிற வழக்கமே கிடையாது.

"செத்த இருங்க மச்சான். அண்ணன் இன்னும் எறங்குவாரு" என்றான், குடோன்காரர் அர்த்தநாரியின் காதில் விழும்படி.

மச்சான் சுவரோரம் போய்க் குந்தி வாந்தி எடுத்தார்.

அர்த்தநாரி சிரித்துவிட்டார். "கொறைக்கோணும்னா வாயில சொல்லுங்க. அதுக்கு வாந்தியெல்லாமா எடுப்பாங்க?"

குறைத்தார். இவர்கள் கேட்டதற்கும் கீழே.

போர்வை பேல் கட்டுகள் வேனில் ஏறி முடியும்வரை மச்சான் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார். நடிப்பை விடவில்லையே மனுஷன் என்று தோன்றியது. எழுப்பப் போனபோதுதான் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

"ஒரு வார்த்தகூடச் சொல்லலியா தம்பி?" அக்கா கேட்டாள்.

"இல்லக்கா."

டாக்டரம்மாவிடம் திரும்பினான். "பொழச்சுக்குவாருங்களா?"

"இவ்வளவு ரத்தத்துக்கு, நூத்துல முப்பதுன்னு வெச்சுக்கங்க."

"அம்பதுன்னு சொல்லுங்கம்மா."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நாப்பது?"

அவர் பேனாவை மூடினார்.

அவன் கை நெற்றிக்குப் போனது. திரும்பி நடந்தான், மெல்ல.

வாசற்படியில் கால் தயங்கியது.

நின்றான்.

இன்னும் கொஞ்சம் நின்றான்.