ஈரத் துண்டு

க்ரீம் பூசித் துடைத்தால் மட்டும் முகம் சுத்தமாகாது என்று கேத்தரினுக்கு முதன்முதலில் சொன்னது பக்கத்துத் தெரு பார்லர் விஜயராணிதான். போன தவக்காலத்தில், சிலுவைப்பாதை முடிந்து இருவரும் கோயிலிலிருந்து நடந்து வரும்போது.

"மேல் அழுக்கு பஞ்சுல வந்துடும்க்கா. ஆனா க்ரீமோட பிசுக்கு தோல்லயே தங்கிடும். அதோட ஒட்டிக்கிட்டு அடி அழுக்கும் நிக்கும். அப்புறமா தண்ணி ஊத்திக் கழுவினாத்தான் சுத்தம்."

அன்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டதோடு சரி. மகன் ஸ்டீபன்ராஜுக்கு அரியமங்கலத்து லிசியை நிச்சயம் செய்த பிறகுதான் அந்தப் பேச்சு கேத்தரினின் மனதில் வந்து உட்கார்ந்தது.

லிசி தங்கமான பெண். ஒரே ஒரு குறை. எப்போது வந்தாலும் முகம் கழுவ மாட்டாள்.

"பஸ்ல வந்திருக்கே, ஒரே தூசி. சோப்பு எடுத்து வச்சிருக்கேன், கழுவிட்டு வாம்மா."

"வேணாம் அத்தை. பையில க்ரீம் இருக்கு, துடைச்சுக்கிறேன்."

கண்ணாடி முன்னால் நின்று பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுப்பாள். அவ்வளவுதான், முகம் கழுவியாயிற்று.

"தண்ணியைக் கண்டா பூனை மாதிரி ஓடுறாடா நீ கட்டிக்கப்போறவ" என்று மகனிடம் சொல்லிப் பார்த்தாள் கேத்தரின். அவன் சிரிக்கவில்லை. "விடுங்கம்மா" என்று எழுந்து போய்விட்டான்.

தெருவிலுள்ள கோயில் குடும்பங்கள் வீடு மாற்றி வீடு கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் அந்த வாரம் கேத்தரின் வீட்டில். வருகிற ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கப் போகிறார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஃபாதர் ஊரறியக் கேட்கிற ஓலை. அதற்குள் தன் ஊரான எடமலைப்பட்டி புதூர்ப் பெண்களுக்கு மருமகளைக் காட்டிவிட வேண்டும் என்று லிசியையும் வரச் சொல்லியிருந்தாள்.

ஜெபமாலை முடிந்தது. சுண்டல் தட்டு சுற்றி வரும்போது, வீடு வீடாக அழகுச் சாமான் விற்கும் பெலிண்டா பையைத் திறந்தாள்.

"இந்த க்ரீம் ஒண்ணு போதும் ஆன்ட்டி. சோப்பு வேணாம், தண்ணி வேணாம்."

"போதாது" என்றாள் விஜயராணி, சுண்டலை மென்றுகொண்டே.

"பார்லர்ல கூட்டம் குறைஞ்சிடுமோன்னு அக்காவுக்குப் பயம்."

"நீ பூசித் துடை. அப்புறம் நான் ஈரத் துண்டால ஒரு இழுப்பு இழுக்கிறேன். துண்டு வெள்ளையாவே இருந்தா நாளையிலேர்ந்து என் பார்லர்ல உன் க்ரீம்தான்."

கேத்தரினுக்கு இதைவிட நல்ல சமயம் எப்போது வரும்?

"நம்ம லிசி முகத்துல பாருங்க. அவதான் க்ரீம் கட்சி."

"அத்தை, வேற யாராவது..."

"சும்மா வந்து உக்காரும்மா. கடிச்சா தின்னுடப் போறாங்க?"

பெலிண்டா பூசினாள், பஞ்சால் மெல்ல ஒற்றி எடுத்தாள். ரோட்டுப் புழுதியெல்லாம் பஞ்சில் கறுப்பாக வந்தது. பெண்கள் கை தட்டினார்கள்.

விஜயராணி வெள்ளைத் துண்டை நனைத்துப் பிழிந்தாள். லிசியின் வலது கன்னத்தில் வைத்து இழுத்தாள். பாதியிலேயே கை நின்றுவிட்டது. லிசியின் கண்ணைப் பார்த்தாள். துண்டை அப்படியே கன்னத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சுத்தமாத்தான் இருக்கு. நான் சொன்னது தப்பு."

"துண்டைக் காட்டு விஜி" என்றாள் கேத்தரின்.

"எதுக்குக்கா? அதான் தோத்துட்டேன்னு சொல்றேனே."

"இத்தனை வருஷம் இவ பேச்சைக் கேட்டுத்தானா மூஞ்சியைத் தேய் தேய்னு தேய்ச்சோம்?" என்று ஒருத்தி சொல்ல, வீடே சிரித்தது. கேத்தரினும் சிரித்தாள். விஜயராணி தலையைக் குனிந்துகொண்டாள். பிடித்த துண்டை மட்டும் விடவில்லை.

லிசிதான் அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

"அக்கா தோக்கல" என்று எழுந்து நின்று, துண்டை வாங்கித் தானே அழுத்தித் துடைத்தாள்.

துண்டில் தோல் நிறத்துப் பூச்சு அப்பிக்கொண்டு வந்தது. வாயோரத்திலிருந்து காதுவரை வெள்ளை வெளேரென்று ஒரு திட்டு.

"வெண்புள்ளி அத்தை. க்ரீம்ல ஒத்தி எடுத்தா பூச்சு தாங்கும், கழுவினா கரைஞ்சிடும். அதனாலதான் தண்ணிகிட்டயே போறதில்ல."

கேத்தரின் அந்தத் திட்டையே பார்த்தாள்.

"ஸ்டீபனுக்குத் தெரியுமா?"

"பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லிடுறேன்னேன். அம்மா ஊருக்குப் பயப்படுவாங்க, இப்ப வேணாம்னு அவர்தான்..."

கேத்தரினுக்குச் சுருக்கென்றது. கையில் ஜெபமாலை. பெற்ற பிள்ளையே அவளை இவ்வளவுதான் என்று நினைத்திருக்கிறான்.

"தொத்திக்குமோ என்னமோ" என்று பின்னாலிருந்து ஒரு கிசுகிசுப்பு. "ஞாயித்துக்கிழமை ஓலை வேற இருக்கு."

கேத்தரின் விறுவிறுவென்று வந்தாள். லிசியின் கையிலிருந்த துண்டை வெடுக்கென்று பிடுங்கினாள். லிசி கண்களை மூடிக்கொண்டாள்.

அதே துண்டால் கேத்தரின் தன் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை நிதானமாகத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய பவுடரும் அதில் வந்து சேர்ந்தது.

"ஞாயித்துக்கிழமை ஃபாதர் தடை ஏதும் உண்டான்னு கேப்பார். சொல்றவங்க என் முகத்தைப் பார்த்து இப்பவே சொல்லிடுங்க."



கேத்தரின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, லிசியின் ஈரக் கன்னத்தைத் தன் உள்ளங்கையில் ஏந்தியபடி விஜயராணி பக்கம் திரும்பினாள்.

"கல்யாணத்தன்னிக்கு மேக்கப் நீதான் போடணும் விஜி. இவ ஆசைப்பட்டா மறை. எனக்குப் பயந்து மட்டும் மறைச்சிடாதே."