தெருவிலேயே மூத்தவர்

மார்ச் 11, செவ்வாய். நேற்று எழுதியதில் ஒரு தவறு. செங்கோடன் மாமாவுக்கு எழுபது வயது என்று போட்டிருக்கிறேன். ஐம்பத்தாறுதான். கேட்காமல் எழுதியிருக்கக் கூடாது.

அவள் பேனாவை மூடினாள். ‘ஐம்பத்தாறு’ என்பதை இன்னொரு முறை படித்துப் பார்த்தாள்.

முழுத் தப்பும் அவளுடையதில்லை. அந்தத் தெருவில் வேறு நரைத்த தலை கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லாமல் தோராயமாகப் போட்டுவிட்டாள்.

வாடகை குறைவு என்று இங்கே குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

நர்ஸ் உதவியாளர் பயிற்சிக்கு மாலையில் போகிறாள். டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம் எளிமையானது. உங்கள் தெருவிலேயே மூத்தவரைப் பாருங்கள். எண்பது தாண்டியவராக இருந்தால் நல்லது. இத்தனை காலம் நலமாக இருக்க எது உதவியது என்று கேளுங்கள்.

கூடப் படிக்கும், மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்ணுக்குத் தொண்ணூறு வயதுக் கிழவி கிடைத்துவிட்டாள். இன்னும் ஆடு மேய்க்கிறாளாம்.

இன்று வகுப்பு இல்லை. சாயங்காலம் அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

எல்லார் வீட்டுச் சுவரிலும் மாலை போட்ட படம். எல்லாப் படத்திலும் கறுத்த மீசை, கறுத்த கொண்டை.

தெருக்கோடியில் கல்மாவு மில். வெள்ளைக்கல்லை ஆண்கள் அரைப்பார்கள். மாவைச் சலித்துப் பெண்கள் மூட்டை கட்டுவார்கள். அந்த மாவு கூரையில் படியும், முருங்கை இலையில் படியும், நெஞ்சுக்குள்ளும் படியும். ஆஸ்பத்திரியில் டிபி என்று சொல்லி மாத்திரை கொடுப்பார்கள். இருமி இருமியே நாற்பதுக்குள் முடிந்துவிடும்.

ஒவ்வொரு வீட்டிலும் இதைச் சொன்னார்கள். மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்கள்.

நாளை முதல் அவள் கணவன் தங்கவேலுக்கு அங்கே வேலை.

அவன் ஓட்டிய தறி நின்று மாசக்கணக்காகிறது. வேறு யாரும் கூப்பிடவில்லை. மில் மேஸ்திரியிடம் போய்ச் சொல்லிவைத்தது அவள்தான். போன வாரம்.

செங்கோடன் தன் வீட்டு வாசலில் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். எப்போது பார்த்தாலும் இப்படி உட்கார்ந்துதான் இருப்பார்.

“வயசு என்னங்க மாமா?”

“அம்பத்தாறு. இந்தத் தெருவுக்கு நாந்தான் கிழவன், கண்ணு.”

“என்ன சாப்பிடுவீங்க?”

“கெடைக்கறத.”

“தினமும் நடப்பீங்களா?”

பக்கத்தில் கிடந்த, அக்குளில் ஊன்றும் கவைக்கட்டையைத் தூக்கிக் காட்டினார். வேட்டிக்குக் கீழே ஒரு கால்தான் இருந்தது.

“என்னையப் பாத்துக் கேக்கற கேள்வியா இது?”

இருவரும் சிரித்துவிட்டார்கள். அவர்தான் முதலில் நிறுத்தினார்.

“மில்லுல சேந்த வாரமே பெல்ட்டு கால இழுத்துக்கிச்சு. அதோட மில்லு வேலை போச்சு. கூடச் சேந்தவனுங்க எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதானுங்க. இனி இவன் எப்படிப் பொழைப்பான்னு.”

அவர்கள் எங்கே என்று அவள் கேட்கவில்லை. படங்களைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கவேலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தட்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டான்.

“சரி, போகல. அப்புறம்?”

கோபமாகச் சொல்லவில்லை. பதில் தெரிந்துகொள்ள விரும்பியவன் போலத்தான் கேட்டான்.

அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

இப்போது படுத்துவிட்டான். பாய் அவனுக்கு எப்போதும் போதாது. கால்கள் இரண்டும் தரையில் நீண்டு கிடந்தன. நீளமான, நல்ல கால்கள்.

அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. சட்டென்று எழுந்துபோய்ப் போர்வையை இழுத்து அவன் கால்களை மூடினாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். டீச்சரின் கேள்விக்குக் கீழே இடம் காலியாகவே இருந்தது. ‘கால்’ என்று தொடங்கும் ஒரு வரியை எழுதி, மை காய்வதற்குள் அடித்தாள். எழுதியது தெரியாதபடி இன்னும் அழுத்தி அடித்தாள்.

பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.

நாளை: ஆறு மணிக்குள் அவருக்குச் சோறு கட்ட வேண்டும். மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துணி நனைத்துக் கொடுக்க வேண்டும்.