நாற்றத்தின் மேல் ஒரு வழக்கு

ஓர் எருமை பகல் முழுக்கக் குளத்தில் படுத்துக் கிடந்தது. மற்ற வேலைகளையும் தண்ணீருக்குள்ளேயே முடித்துக்கொண்டது. அதே குளத்தில் குடியிருந்த தவளையின் பிள்ளைகளில் பாதி செத்து மிதந்தன.

தவளை கரையேறி, வருகிறவர்களிடமெல்லாம் சொன்னது: "தண்ணி நாறுது, குடிக்காதீங்க. எருமை பண்ற வேலை."

எருமை ஆமையின் கோர்ட்டில் மானநஷ்ட வழக்குப் போட்டது. கோர்ட் ஒரு நாள் தூரத்தில், வெயில் காயும் பாறைமேல் இருந்தது. தோல் வறள வறளத் தவளை தாவிப் போய்ச் சேரும்போதெல்லாம், "எங்க ஐயாவுக்குக் கழுத்து வலி" என்று எருமையின் வக்கீலான காக்கை வாய்தா வாங்கியது.

"ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடேன்" என்றது தவளையின் பெண்டாட்டி.

"கேட்டா தண்ணி சுத்தமாயிடுமா?" என்றது தவளை.

நாலாவது வாய்தாவுக்கு எருமையே வந்தது. தீர்ப்பு வரும்வரை நாற்றத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஆமை தடை போட்டது. எருமை வாலை ஆட்டிக்கொண்டு குளத்துக்குத் திரும்பி, வழக்கமான இடத்தில் படுத்தது.

மறுநாள் தண்ணீர் குடிக்க ஒரு குரங்குக் கூட்டம் வந்தது. கரையில் உட்கார்ந்திருந்த தவளை ஒரு வார்த்தை பேசவில்லை. எருமையைப் பார்த்தபடி மூக்கைப் பொத்திக்கொண்டது. குரங்குகள் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தாங்களும் பொத்திக்கொண்டன. பின்னால் வந்த முயல்களும் அப்படியே செய்தன. சாயங்காலத்துக்குள் கரை முழுக்க மூக்கைப் பொத்திய கூட்டம்.

எருமைக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குய்யா எல்லாரும் மூக்கைப் பொத்திட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டது.

"மன்னிக்கணும்" என்றது ஒரு கிழக் குரங்கு. "விஷயம் கோர்ட்ல இருக்கு. அதைப் பத்தி நாங்க பேசக்கூடாது."