நடுவில் நின்ற பெட்டி

“அந்த செய்தி அவன் வயல்ல இருக்கிற பெட்டி வழியாவா வந்துது?” அப்பாண்டை நயினார் மறுபடியும் கேட்டார்.

“ஆமாங்க ஐயா,” என்றான், சென்சார் பொருத்தும் சரத்குமார். “அம்மா கையில கட்டியிருக்கிற பட்டனுக்கு பவர் கம்மி. மோட்டார் கொட்டாயிலருந்து உங்க வீட்டுக்கு எட்டாது. நடுவுல உங்க தம்பி வயல்ல நான் வச்ச சென்சார் பெட்டி அதை வாங்கி இந்தாண்ட தள்ளுது. அப்புறம்தான் இன்டர்நெட்ல உங்க போனுக்கு வருது.”

தம்பி தரணேந்திரன் வீட்டில் நயினார் தண்ணீர் குடித்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. போன வாரம் அவர் காஞ்சிபுரத்தில் பட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது, மோட்டார் கொட்டகையில் பாம்பு கடித்த அவர் மனைவி சாந்திமதி அந்தப் பட்டனை அழுத்தினாள். போன் அலறியது, ஆம்புலன்ஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிழைத்துக்கொண்டாள்.

“அவன் எப்படி ஒத்துக்கினான்?”

“‘அண்ணி உசுருப்பா, தாராளமா போவட்டும். அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாத, புடுங்கி எறிஞ்சுடுவாரு’ன்னாருங்க.”

கும்பிட எழுந்த கைகளை நயினார் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“நாளைக்கே நம்ம வயல்லயும் ஒரு பெட்டி வை.”

“புரியுதுங்க. இனிமே அவர் வழியா வராம பண்ணிடறேன்.”

“யாருப்பா அப்படிச் சொன்னது? அது வந்த வழியாவே வரட்டும். தரணேந்திரனோட கெணறு நம்ம வயலுக்கு அந்தாண்ட இருக்குது. அவனும் ஒண்டியாதான் போறான். அவனுக்கும் ஒரு பட்டன் கட்டி வுடு. அவன் செய்தி நம்ம வழியா போவட்டும்.”

சரத்குமார் சிரித்தபடி தலையாட்டினான்.

“அவங்கிட்ட சொல்லிடாத,” என்றார் நயினார். “புடுங்கி எறிஞ்சுடுவான். என் தம்பியாச்சே!”