ஐந்தாவது அட்டை

அரசின் ரகசியக் கோப்புகளைப் படிக்க வெளியிலிருந்து நான்கு ஆலோசகர்களை அமர்த்தியிருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்து படிக்கும் அறைக்கு அவள்தான் பொறுப்பாளர். காலையில் கைப்பேசிகளை வாங்கிக்கொண்டு ஆளுக்கோர் அடையாள அட்டை கொடுப்பாள். மாலையில் அட்டைகளை எண்ணி வாங்குவாள். அங்கே நடப்பதை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து அட்டைகள் திரும்பி வந்தன.

ஐந்தாவது அட்டை, கழுத்திலிருந்து அப்போதுதான் கழற்றியதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. படத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி சிரித்தாள். அவளுக்குப் பொறுப்பாளரின் தெற்றுப்பல், பொறுப்பாளருடைய கணவரின் விடைத்த காதுகள். அட்டை வழங்கிய தேதி வர இன்னும் முப்பத்தோரு வருடம் இருந்தது.

அவள் மேலதிகாரியிடம் ஓடினாள். அவர் கோப்புகளைத் தாள் தாளாகச் சரிபார்த்தார். எதுவும் குறையவில்லை.

"குறைஞ்சா மேலிடத்துக்கு எழுதலாம். கூடினா என்னம்மா எழுதுறது?" என்றவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுவும் ரகசியம்தான். வீட்டுலகூட வாயத் திறக்காதீங்க."

அட்டையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்.

அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். மருத்துவர்கள் கையை விரித்து இரண்டு வருடம். அன்று ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

"என்ன, ஒரே குஷியா இருக்கே?" என்றார் கணவர்.

"ஆபீஸ் விஷயம். சொல்லக் கூடாது."

அடுத்த மாதம் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கணவர் தேம்பித் தேம்பி அழுதார். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு, தெரியாதவள்போல் ஆச்சரியப்பட்டாள்.

"பொண்ணா இருக்குமா, பையனா இருக்குமா?" என்று கேட்டார் அவர்.

அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டே இருந்தன.