ஒரு வாய் குறையும் புட்டி

பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடிப் புட்டிக் கூடையைத் தூக்கியதில் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. அக்கா சமைக்கும் ஆலைக் கேன்டீனில் பலர் வாந்தியெடுத்திருந்தார்கள். கிருமி பால்பவுடரில் வந்ததென்று காட்டாவிட்டால் அவள் வேலை போய்விடும். பவுடராக்கிய சூட்டில் அரை உயிரான கிருமி, கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் நேராக வளராது; முதலில் ஊட்டக் கரைசலில் தேற்ற வேண்டும். எங்கள் பேச்சில் அது சூப்.

மூடி இறுக்கியபடியே இருக்க, அந்தப் பவுடர் கலந்த புட்டிகளில் ஒன்றில் மட்டும் காலைதோறும் ஒரு வாய் சூப் குறைந்தது.

"நீ குடிச்சியாடி?" என்றாள் கூட வேலை பார்ப்பவள்.

"ஆமா, உப்புதான் கொஞ்சம் கம்மி."

என்னதான் ஆகிறதென்று பார்க்க, தினமும் குறைந்த அளவுக்குப் புது சூப் ஊற்றி வைத்தோம். அந்தப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தீற்றிய தட்டில்தான் கிருமி வளர்ந்தது. அக்கா வேலைக்குத் திரும்பினாள்.

முடிவு வந்த காலையிலும் குறைந்திருந்தது. நான் ஊற்றாமல், புட்டியைக் கொதிக்கவைத்துக் கழுவிவிட்டேன். யாருக்கென்று தெரியாது, ஒரு வாய் சூப் இன்னும் கொடுக்க வேண்டியிருக்கிறது.